கொதிப்பு ஊற்றிய மருந்து

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது டிரைவிங் லைசென்ஸிலும் மகளின் பள்ளிக்கூடப் படிவத்திலும் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறைகள் வரிசையாக நிற்கும் தெருவில் எல்லோருக்கும் அவன் கொதிப்புதான். ரேடியேட்டர் வேலை பார்க்கிறவன், நாள் முழுக்கக் கொதிக்கிற தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவன், அதனால் வந்த பெயர் என்று புதிதாக வண்டி கொண்டுவருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் பழகினால் போதும், பெயருக்குக் காரணம் தண்ணீர் இல்லை என்று தெரிந்துவிடும்.

பதினாறு வயதில் முதன்முதலாக ஒருவனை ரத்தம் வர அடித்தான். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் முதலாளியின் தம்பி இவன் மேல் ஸ்பேனரை எறிந்தான், குறி தப்பியது. இவன் அதே ஸ்பேனரை எடுத்துத் திருப்பி எறிந்தான், குறி தப்பவில்லை. புருவத்துக்கு மேல் ஐந்து தையல். இருபத்திரண்டு வயதில், "நீ பத்த வெச்ச எடம் மறுபடியும் ஒழுகுதுடா" என்று சொன்ன லாரி டிரைவரின் பிடரியைப் பிடித்து, அப்போதுதான் ஓடி வந்து நின்றிருந்த வண்டியின் பானெட்டில் முகத்தை வைத்து அழுத்தினான். கன்னத்துத் தோல் உரிந்து வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், டிரைவர் சொன்னது உண்மை. ரேடியேட்டர் ஒழுகத்தான் செய்தது.

தன் உடம்பையும் அவன் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் யாரோடோ வாக்குவாதம் முற்றிய வேகத்தில், ஆறாத ரேடியேட்டரின் மூடியைத் திருகித் திறந்துவிட்டான். குபீரென்று பீய்ச்சிய தண்ணீர் வலது முன்கையை முழங்கை வரை வேகவைத்துவிட்டது. அந்த வலியில் அவன் செய்த முதல் காரியம், ரேடியேட்டரைக் காலால் ஓங்கி உதைத்தது. கால் கட்டைவிரலும் முறிந்தது. 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று சொல்லிச் சொல்லித் தெருவே சிரிக்கும். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வீட்டில் நடந்தவற்றைச் சொல்லி யாரும் சிரித்ததில்லை, ஏனென்றால் அதை யாரும் சொல்லவே இல்லை.

வீடு மாடியில் இரண்டு அறை. மனைவி தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். ஒரு நாளைக்கு நானூறு காலர். கல்யாணமான நாலாவது மாதம் முதல் அடி விழுந்தது. டீ ஆறிப்போயிருந்தது என்பது காரணம். இப்படிச் சொல்லும்போது எனக்கே கூசுகிறது, ஆனால் அதுதான் காரணம். அப்புறம் கதவைச் சாத்தியதற்கு, சாத்தாததற்கு, பதில் பேசியதற்கு, பேசாமல் இருந்ததற்கு. அடித்து முடித்ததும் அழுவான். அவள் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுவான்.

"கோவம் வந்துட்டா என்னையே எனக்குத் தெரியாதும்மா. கண்ணு ரெண்டும் கட்டிடுது. கை தானா எந்திரிச்சுடுது. நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

அவள் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவனுடைய அம்மா, "அவங்கப்பா ரத்தம் அப்படியே இருக்கு" என்று பெருமையா வருத்தமா என்று தெரியாத குரலில் சொன்னாள். அவளுடைய பெரியண்ணன்கூட முதல் தடவை வந்து விசாரித்துவிட்டு, "கோவம் இருக்கிற எடத்துலதான் கொணம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுக்காரி, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றாள். இந்தப் பழமொழிகளை எல்லாம் உண்டாக்கியவர்கள் யார் கையாலும் அடி வாங்காதவர்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். ஆக, அவனுக்கு இருப்பது ஒரு வியாதி என்று அவள் மனதில் பதிந்துபோனது. வலிப்பு வருகிறவன் கைகால் உதைத்துக்கொள்வது போல, இவனுக்குக் கோபம் வந்தால் கை எழும். வியாதிக்காரனைப் பழிக்கக் கூடாது, விட்டுவிட்டுப் போகவும் கூடாது. இப்படியே பதினோரு வருடம் போனது.

பதினோராவது வருடத்தில் ஒரு சாயங்காலம் அவன் ரேடியேட்டர் மூடி ஒன்றைத் தேடினான். அளவு பார்த்து வேறு மூடி வாங்குவதற்காகச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். துரு ஏறிய குப்பை என்று அவள் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டிருந்தாள். "போட்டுட்டேனே" என்று அவள் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள், மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் வீட்டுப்பாட நோட்டையும் பென்சிலையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை, அவசரப்படவில்லை. மழை வரும்போது துணியை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போனாள். அவன் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடது காதில் அறை விழுந்தது. சுவரில் போய் மோதினாள். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியே இறங்கிச் சட்டைக்குள் போனது. மேசைக்கு அடியில் மகள் கூட்டல் கணக்கைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

செவிப்பறையில் ஓட்டை என்று டாக்டர் சொன்னார். தானாக மூடினாலும் மூடும், மூடாமலும் போகும் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அவள் அவனைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். எதிரே நின்றுகொண்டு பேசினாள்.

"வியாதின்னுதானே சொல்றீங்க? சரி. வியாதின்னா அடங்குதான்னு பாப்போம். இனிமே ஒரே ஒரு தடவை கை நீட்டுங்க. என் மேலன்னு இல்ல, யார் மேல நீட்டினாலும் சரி. நானும் பாப்பாவும் இந்த வீட்ல இருக்க மாட்டோம்."

"யார் மேலயுமா? எவனாவது மொதல்ல என்னை அடிச்சான்னா?"

"அடி வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க."

அவன் பயந்துபோனான். அவன் எதற்கும் பயந்து யாரும் பார்த்ததில்லை, ஆனால் அன்று பயந்தான். மனைவி பேசுகிறவள்தான், ஆனால் பேசினால் அழுகிறவள். அன்று அழவில்லை. அவர்கள் இரண்டு பேரும் இல்லாத அந்த மாடி அறைகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தான். அவனுக்கு அவர்கள் மேல் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரியம் இருந்தது. அதனால் என்ன?

அன்றிலிருந்து அவன் கையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தான். பட்டறையில் யாராவது எகிறினால் எழுந்து போய்க் குழாயைத் திறந்து தலையைக் காட்டினான். அழுக்குத் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றான். பக்கத்துப் பட்டறை வெல்டிங்காரர் பத்து வருடப் பழக்கத்தில் அவனைச் சீண்டிச் சீண்டிப் பார்த்தார். "என்னப்பா, கொதிப்பு ஆறிடுச்சு போல! இனிமே உன்னை வெந்நீருன்னு கூப்பிடலாமா?" என்றார். தெரு சிரித்தது. அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, கை மட்டும் எழவில்லை. முப்பத்தெட்டு நாள் இப்படிப் போனது. ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்பான். அவள் வலது காதை அவன் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டு, "நல்லது" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

முப்பத்தொன்பதாம் நாள் காலையில் டாக்ஸி ஓட்டுகிற சிநேகிதனின் கார் வந்தது. இவனுக்கும் அவனுக்கும் சொந்தம் எதுவும் இல்லை. சும்மா 'மச்சான்' போட்டுப் பழகியவர்கள். அவன் தன் காரை 'அவ' என்றுதான் சொல்வான். "வீட்ல இருக்கிறவளை விட இவகூடத்தான் அதிக நேரம் இருக்கேன்" என்பது அவனுடைய பழைய ஜோக். கேட்டுக் கேட்டுப் பட்டறையிலும் அந்தக் காருக்கு 'அவ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கு இப்போது சூட்டு முள் சிவப்புக்கு ஏறிக்கொண்டே இருந்தது. காலையில் ரேடியேட்டரில் ஊற்றிய கூலன்ட் தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போனது.

கோபத்தில் எப்படியோ, வேலையில் கொதிப்பு நிதானஸ்தன். பைப்புகளை அமுக்கிப் பார்த்தான், கிளிப்புகளைத் தடவினான், பம்ப்புக்கு அடியில் விரல் விட்டு ஈரம் பார்த்தான். புகைக் குழாயில் வெள்ளைப் புகை இல்லை, எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. கைப்பம்பை மாட்டிக் காற்றழுத்தம் கொடுத்துக் காத்திருந்தான். பம்பில் இருந்த அழுத்த முள் மெதுவாக இறங்கியது. டார்ச் அடித்துத் தேடியபோது, ரேடியேட்டரின் கீழ் விளிம்பில் ஊசிமுனை அளவு ஓட்டை. அங்கிருந்து பச்சைத் தண்ணீர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

"மாத்தணும்டா மச்சான். புதுசு வர நாலு நாள் ஆகும்."

"நாலு நாள் அவ இல்லாம நான் என்ன பண்றது? மருந்து ஊத்தி விடு."

மருந்து என்றால், டப்பாவில் வருகிற லீக் அடைக்கும் திரவம். டப்பாவில் ஏதோ நீளமான பெயர் அச்சிட்டிருக்கும். அந்தத் தெருவில் யாரும் அந்தப் பெயரைப் படித்ததில்லை. அது மருந்து. காருக்கு மருந்து ஊற்றினான், மருந்து பிடித்துக்கொண்டது, மருந்து கேட்கவில்லை என்றுதான் பேச்சு. கொதிப்புக்கு அது பிடிக்காது. "மருந்து ஊத்துறது வேலையே இல்ல. வேலையைத் தள்ளிப் போடுறது" என்பான். ஆனாலும் சிநேகிதன் கெஞ்சியதால் ஒத்துக்கொண்டான். டாக்ஸிக்காரன் தூங்குவதற்காக வீட்டுக்குப் போனான். ஊற்றி முடித்ததும் போன் பண்ணச் சொல்லியிருந்தான்.

என்ஜின் ஆறுவதற்குக் காத்திருந்து, மூடி மேல் துணியைப் போட்டு அமுக்கித் திறந்தான். கொஞ்சம் பழைய தண்ணீரை வடித்தான். டப்பாவைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி முழுவதையும் உள்ளே இறக்கினான். மூடியை இறுக்கினான். என்ஜினை ஓடவிட்டு, மருந்து எல்லா வழியிலும் சுற்றி வருவதற்காக ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தான். அந்தப் பழைய என்ஜின் பட்டறைத் தகரமெல்லாம் அதிர ஓடியது. ஓட்டை முதலில் நுரையாகக் கக்கியது, அப்புறம் சொட்டியது, அப்புறம் நின்றது. அவனுக்குச் சந்தோஷம். போனை எடுத்தான். விரலெல்லாம் கூலன்ட் பிசுபிசுப்பு. விரல் முட்டியால் தட்டினான். போனில் 'மச்சான்' என்று ஒன்று இருந்தது. அது மனைவியின் பெரியண்ணன். 'மச்சான் 2' என்று ஒன்று இருந்தது, அது டாக்ஸி. அவன் தட்டியது முதல் மச்சானை.

எதிர்ப்பக்கம் எடுத்தது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை; சொல்லவேண்டியதை உரக்கச் சொன்னான்.

"மச்சான், நாந்தான்! அவளுக்கு மருந்து ஊத்திட்டேன்டா! மொதல்ல சூடா இருந்தா, வாயைத் தொறக்க விடல. ஆற விட்டு, துணியை வெச்சு அமுக்கித் தொறந்து, ஒரு டப்பா முழுசா உள்ள எறக்கிட்டேன். வாயை இறுக்கி மூடியாச்சு. கொஞ்ச நேரம் ஒதறினா, நுரை தள்ளிச்சு. இப்ப அடங்கிட்டா. இனி ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டா. அவசரப்படாத, ஒடம்பு ஆறட்டும். சாயங்காலமா வந்து எடுத்துட்டுப் போடா!"

போனை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

பெரிய மச்சான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். தோள் இரண்டும் தூண் போல இருக்கும். மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி ஒரு கையில், போன் மறு கையில் என்று நின்றவனுக்கு உலகம் சுற்றியது. 'மருந்து' என்ற சொல்லுக்கு ஊரில் வேறு அர்த்தம் உண்டு என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. யாராவது மருந்து குடித்துவிட்டார்கள் என்றால் நாம் காய்ச்சல் என்றா நினைக்கிறோம்? அதோடு, ஒரு நாளும் பெரிய மச்சானை 'டா' போட்டுப் பேசாதவன் வாய் நிறைய 'டா' போடுகிறான். அடித்துக் காதைக் கிழித்தவன், கொன்றுவிட்டுக் கூப்பிட்டுச் சொல்கிறான். பெரிய மச்சான் தங்கைக்குப் போன் போட்டான். தையல் கம்பெனியில் போன்களை வாசலிலேயே வாங்கி ஒரு தட்டில் அடுக்கிவிடுவார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கூட வேலை பார்த்த தன் சொந்தத் தம்பியை, "நீ அவ கம்பெனிக்கு ஓடு, இல்லைன்னா வீட்டுக் கதவை ஒடை" என்று ஸ்கூட்டரில் அனுப்பினான். இவன் கொக்கியோடு பட்டறைக்கு ஓடினான்.

கொதிப்பு பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரோடு குனிந்து பம்ப் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். முதுகில் இடி விழுந்தது. திரும்பினால் பெரிய மச்சான்.

"எங்கடா அவ?"

அவன் கையால் காரைத்தான் காட்டினான். அடுத்த குத்து வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று நாக்கில் வந்து கிடந்தது.

"என்னத்தடா ஊத்தின அவளுக்கு?"

"மருந்து மச்சான்... மருந்துதான்..."

இதை விட மோசமான பதில் இருக்க முடியாது. பெரிய மச்சான் ஊளை மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு பாய்ந்தான். விலாவில் முழங்கால் இறங்கியது. உள்ளே காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒன்று ஒடிந்தது. கழுத்தைப் பிடித்துப் பானெட்டில் அறைந்தான். கொக்கியின் கைப்பிடியால் தோளில் அடித்தான். இரண்டாவது அடியில் கொக்கி திரும்பி, முனை சட்டையோடு சதையையும் கிழித்துக்கொண்டு இறங்கியது. ரத்தம் சூடாக முதுகில் ஓடியது.

கொதிப்புக்கு ஒன்றும் புரியவில்லை. கிழிந்த காதுக்காக இன்றைக்கு வந்து அடிக்கிறான் என்றுதான் நினைத்தான். முப்பத்தெட்டு நாள் கழித்தா? புரியாததால் கோபம் இன்னும் ஏறியது. கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. அவன் வாழ்க்கையிலேயே பெரிய கோபம். ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது. அடித்த வேகத்தில் பெரிய மச்சான் தரையில் சிந்தியிருந்த கூலன்டில் வழுக்கி ஒரு முழங்காலில் விழுந்தான். அவன் தலை கொதிப்பின் இடுப்பு உயரத்துக்கு வந்தது. உச்சியில் முடி மெலிந்து, தோல் பளபளத்தது. ஓங்கி ஒரே ஒரு போடு போட்டால் போதும். எங்கே போடவேண்டும், எவ்வளவு வேகத்தில் போடவேண்டும், போட்டால் என்ன ஆகும் என்று எல்லாமே அவனுக்குத் தெரிந்தது. மனைவியின் முகமும் தெரிந்தது. மகள் தெரிந்தாள். மாடி அறைகள் தெரிந்தன.

ஸ்பேனரை பெஞ்சின் மேல் வைத்தான். எறியவில்லை; வைத்தான். பெஞ்சில் பொருத்தியிருந்த, சாமான்களைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வைஸை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான்.

பெரிய மச்சான் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்பார்கள். அன்று அடியும் அண்ணனும் ஒன்றாகவே வந்திருந்தார்கள். முதுகில், இடுப்பில், காதில் விழுந்துகொண்டே இருந்தது. வைஸை விடவில்லை. விரல் நகங்கள் வெளுத்தன. மூத்திரம் கால் வழியே இறங்கியது. "வேணாம் மச்சான்" என்று ரத்தத்தோடு துப்பித் துப்பிச் சொன்னான்.

வெல்டிங்காரரும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். ஓடி வந்தவர்களைப் பார்த்து, "என் தங்கச்சிக்கு மருந்து ஊத்திக் கொன்னுட்டான்யா! அவனே போன் பண்ணிச் சொல்றான்யா!" என்று பெரிய மச்சான் கதறினான்.

கொதிப்பு தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்தான். சேச்சே, அவன் அப்படிச் செய்ய மாட்டான் என்று ஒருவராவது சொல்வார் என்று எதிர்பார்த்தான். பத்து வருடப் பழக்கம். ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் முகத்திலும் ஆச்சரியம்கூட இல்லை. இது ஒரு நாள் நடக்கும் என்று தெரியும் என்கிற முகம்தான் எல்லோருக்கும். வெல்டிங்காரர் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு ஒரு அடி பின்னால் போனார். விழுந்த அத்தனை அடியிலும் அவனுக்கு அதுதான் அதிகமாக வலித்தது. வலிக்கட்டும், அது அவன் சம்பாதித்தது.

"அவ கம்பெனில இருக்கா... வேலைக்குப் போயிருக்கா..." என்று முனகினான். யாரும் காதில் வாங்கவில்லை.

ஸ்கூட்டர் வந்து நின்றது. மச்சினன் ஓட்டி வந்தான். பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி மேல்சட்டை, கழுத்தில் அளவெடுக்கிற டேப், தலைமுடியில் நூல் பிசிறு. உயிரோடு, முழுசாக, செருப்புக்கூட மாறாமல் இறங்கினாள். பெரிய மச்சான் பேயறைந்தவன் போல நின்றான். கொக்கி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அதன் பிறகு விளங்கிக்கொள்வதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பெரிய மச்சான் போனில் கேட்டதை வரி வரியாகச் சொன்னான். கொதிப்பு ஒவ்வொரு வரிக்கும் காரைக் காட்டினான். வாயை அமுக்கித் திறந்தது அந்த மூடி. நுரை தள்ளியது அந்த விளிம்பு. காலி டப்பா பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. முதலில் சிரித்தது வெல்டிங்காரர். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் தெருவே சிரித்தது. அவ்வளவு ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பயம் விலகினால் மனிதர்கள் அப்படித்தான். பெரிய மச்சான் சிரிக்கவில்லை. தொப்பென்று உட்கார்ந்து கொதிப்பின் காலைப் பிடித்தான்.

"மாப்ள, என்னை மன்னிச்சுடு மாப்ள. கொன்னிருப்பேனே... நீ திருப்பி ஒரு அடி அடிக்கலையே!"

"அதான் நானும் பாத்தேன்" என்றார் வெல்டிங்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கையில ஸ்பேனர் இருந்துச்சு. வெச்சுட்டு நின்னான்யா. நம்ம கொதிப்பா இதுன்னு ஆயிடுச்சு. மனுஷன் திருந்திட்டான்."

ஆளாளுக்குச் சொன்னார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ டீ கொண்டுவந்தார்கள், யாரோ ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்கள். கொதிப்பு ஒடிந்த விலாவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். உடம்பில் வலிக்காத இடம் இல்லை. ஆனால் மனது நிறைந்திருந்தது. தேறிவிட்டோம் என்று இருந்தது. அவன் தேடியது ஒரே ஒரு முகத்தை. அவள் ஒரு சுத்தமான துணியை நனைத்து வந்து, அவன் தோளில் வைத்து அழுத்தினாள்.

"பாத்தியா?" என்றான் வீங்கின உதட்டோடு. "கை நீட்டல."

"வலிக்குதா?"

"உசுரு போகுது."

"கோவம் வந்துச்சா?"

"வராம இருக்குமா? அந்த மாதிரிக் கோவம் எனக்கு வந்ததே இல்ல. மண்டையைப் பொளந்திருப்பேன். கால்கிட்ட விழுந்தான், தெரியுமா? தலை இங்க இருக்கு, ஸ்பேனர் இங்க இருக்கு."

"அப்புறம்?"

"நீ சொன்னது நெனப்பு வந்துச்சு. உன் மொகம், பாப்பா மொகம். வெச்சுட்டேன்."

"சும்மா வெச்சுட்டீங்களா?"

"சும்மாதான். பெஞ்சு மேல வெச்சுட்டேன்." பெருமையாகச் சொன்னான்.

துணியை அழுத்திக்கொண்டிருந்த அவள் கை நின்றது. சுற்றி நின்றவர்கள் இன்னும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவனுக்கு எதிரே வந்து நின்று, அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பதினோரு வருடமாகத் தெரியாத யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அப்ப முடியுது" என்றாள்.

"என்னது?"

"உன்னால முடியாதுன்னு நெனச்சுத்தான் இத்தனை வருஷம் இருந்தேன்." 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அவனுக்கு அது உறைத்தது. "வியாதிக்காரனை விட்டுட்டுப் போறது பாவம்னு இருந்தேன். அப்பாவுக்கு வியாதி பாப்பா, அவர் வேணும்னு பண்ணலன்னு எம்புள்ளைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். இன்னைக்கு எங்கண்ணன் உன் பல்லை ஒடைச்சான், விலாவை ஒடைச்சான். உனக்குக் கண்ணு கட்டல. கை தானா எந்திரிக்கல. எது எங்க இருக்குன்னு எல்லாம் தெரிஞ்சிருக்கு, நிறுத்தணும்னு நெனச்சதும் நிறுத்தியிருக்க. நான் ஆறின டீ குடுத்தேன்னு அடிச்சியே, அன்னைக்கும் இந்தக் கையால நிறுத்தியிருக்க முடியும். நிறுத்தணும்னு உனக்குத் தோணல. அவ்வளவுதான்."

சிரிப்புச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"நீதானே சொன்ன, கை நீட்டினாதான் போவேன்னு?" என்றான். "நான் நீட்டலையே! இவ்வளவு வாங்கியும் நீட்டலையே!"

"ஆமா. நீ சொன்ன சொல்லைக் காப்பாத்திட்ட. நாந்தான் மீறுறேன்."

"ஏய், என்ன பேசுற நீ" என்று பெரியண்ணன் பதறினான். "இப்பதான் அவன் திருந்தி..."

"நீ சும்மா இருண்ணா. கொணம் இருக்குன்னு ஒரு தடவை சொன்னியே, போதும்."

கொதிப்பின் வலது கையில் ரத்தம் ஏறியது. விரல்கள் மடங்கின. அவள் எட்டும் தூரத்தில்தான் நின்றாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, பின்வாங்காமல், முகத்தைத் திருப்பாமல் நின்றாள். கை எழவில்லை. எழவில்லை என்பதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அவள் சரிதான் என்பது போலத் தலையசைத்தாள். நனைந்த துணியைப் பெரியண்ணன் கையில் கொடுத்து, "அழுத்திப் பிடிச்சுக்கோ, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். பிறகு தம்பியின் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

"பாப்பா ஸ்கூல் வழியாப் போடா" என்றாள். "இன்னும் விட்டிருக்க மாட்டாங்க. கேட்டுக் கூட்டிட்டுப் போயிடலாம்."